ஒரு பாலம் மூடினால் ஸ்ரீரங்கம் ஏன் திணறுகிறது?

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் தாங்கள் தீவில் குடியிருப்பதாக நினைப்பதே இல்லை. திருச்சி மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார்கள், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கோ ரயில்வே ஜங்ஷனுக்கோ போகிறார்கள். காவிரிப் பாலம் வந்தால் ஜன்னலில் காற்று கொஞ்சம் கூடுதலாக அடிக்கும், அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் அந்தப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடினார்கள். மறுபடி திறந்தது 2023 மார்ச்சில். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் நாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த ஆறு மாதத்தில்தான் எல்லோருக்கும் உறைத்தது.

அப்போது டீக்கடை முதல் கோயில் வாசல் வரை கேட்ட கேள்வி ஒன்றுதான். பைபாஸில் இன்னொரு பாலம் இருக்கிறது, வடக்கே கொள்ளிடத்தில் புதுப் பாலம் இருக்கிறது, ஒரே ஒரு பாலத்தை அடைத்ததற்கு ஊரே ஏன் இப்படி நிற்க வேண்டும்? நியாயமான கேள்வி. பாலம் பழுதானதை நான் குறை சொல்ல மாட்டேன். அரை நூற்றாண்டை நெருங்கும் பாலம் பழுதாகத்தான் செய்யும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்ற கணக்கைப் போடாமலே ஒரு தீவை ஊரோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். கோளாறு அங்கே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே போகிறது, வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். இரண்டும் கிழக்கே ஓடிக் கல்லணைக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுவிடும் தூரத்துக்கு மறுபடி நெருங்குகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட நீளமான, ஒல்லியான மண்திட்டுதான் ஸ்ரீரங்கம் தீவு. மேற்கே மேலூர், நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும், கிழக்கே திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று கல்லணை வரை வாழைத் தோட்டங்கள். டெல்டாவின் தலைவாசல் இது. தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகிற தண்ணீர் இந்தத் தீவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரண்டு கிளையும் ஒரே குணம் உள்ளவை அல்ல. கொள்ளிடம் அகலமானது, சரிவு அதிகம், கடலுக்குக் குறுக்கு வழியில் போகிறது. காவிரிக் கிளையோ வண்டல் படிந்து மேடாகிக்கொண்டே வந்தது. விட்டால் முழுத் தண்ணீரையும் கொள்ளிடமே இழுத்துக்கொண்டு போய்விடும், தஞ்சாவூர் காய்ந்துவிடும் என்ற நிலை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதைத் தடுக்கத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அன்று முதல் இன்று வரை ஏற்பாடு இதுதான்: பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம். மேட்டூர் நிரம்பி வழிந்தால் உபரி எல்லாம் கொள்ளிடத்தில் தள்ளப்படும். ஆகவே தீவின் தென்புறப் பாலங்களுக்கு எதிரி வயதும் வண்டிகளும். வடபுறப் பாலங்களுக்கு எதிரி ஆறு.

சரி, தீவிலிருந்து வெளியே போகச் சாலை வழி எத்தனை? தெற்கே, சிந்தாமணி அண்ணா சிலையிலிருந்து மாம்பழச்சாலைக்கு வரும் காவிரிப் பாலம். வடக்கே, நம்பர் 1 டோல்கேட்டுக்குப் போகும் கொள்ளிடம் பாலம். இந்த இரண்டும் ஊருக்கான பாலங்கள். இவற்றுக்குக் கிழக்கே, சென்னை பைபாஸ் தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு காவிரியையும் கொள்ளிடத்தையும் தன் பாலங்களில் தாண்டிப் போகிறது. அது தேசிய நெடுஞ்சாலை. தூத்துக்குடி லாரியும் மதுரை ஆம்னி பஸ்ஸும் ஓடத்தான் அதைக் கட்டினார்கள், ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் காலேஜுக்குப் போவதற்கு அல்ல. தீவின் கிழக்கு நுனியில் கல்லணையின் மேலேயே ஒரு பழைய குறுகலான சாலை உண்டு, சின்ன வண்டிகள் மட்டும் போகலாம். மேற்கு நுனியில் முக்கொம்பு. அது சுற்றுலாவுக்குச் சரி, ஊருக்குள் வந்துபோகிற வண்டிக்கு உதவாது. ரயில் பாலங்கள் தனி. சென்னை போகிற ரயில்கள் டவுன் ஸ்டேஷனைத் தாண்டிச் சில நிமிடத்தில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைப் பிடித்துவிடுகின்றன. சாலைப் பாலம் அடைபடும்போது இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே காலையும் மாலையும் ஒரு ஷட்டில் என்பது நம் ஊர் யோசனைக்கு எட்டாத விஷயம் போல.

எண்ணிப் பார்த்தால் கடக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தினசரிப் போக்குவரத்துக்கு ஆகிற வழி தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. அந்த இரண்டும் மாம்பழச்சாலை – திருவானைக்காவல் என்ற ஒரே சாலையில் போய்க் கோத்துக்கொள்கின்றன. துறையூர், லால்குடிப் பக்கத்திலிருந்து சத்திரத்துக்கு வருகிற பஸ்கூட இந்தச் சாலையில் தீவுக்குள் நுழைந்து தீவைக் கடந்துதான் வருகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலையும் இல்லாத வண்டிகளின் சுமையும் ஸ்ரீரங்கத்தின் தலையில்தான்.

பாலத்தை ஏன் முழுசாக மூட வேண்டும்?

காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது, நீளம் சுமார் 540 மீட்டர். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு அதன் வியாதி என்ன என்று பொறியாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் 'தடக்' என்று ஒரு தூக்கல் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் தூக்குச் சட்டி இருந்தால் அதன் மூடி ஒரு தரம் எம்பி உட்காரும். அதுதான் ஜாயின்ட்.

பாலத்தின் தளம் ஒரே பலகையாக அரை கிலோமீட்டர் போவதில்லை. தூணுக்குத் தூண் தனித்தனித் துண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. திருச்சி வெயிலில் கான்கிரீட் விரியும், ராத்திரி சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் கொடுக்கத்தான் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, மேலே இரும்புப் பட்டையும் ரப்பரும் வைத்து மூடுகிறார்கள். கீழே, உத்தரம் தூணைத் தொடும் இடத்தில் பேரிங். மேலே ஓடுகிற பாரத்தைத் தூணுக்கு இறக்குவதும், உத்தரம் கொஞ்சம் நகர்ந்து கொடுக்க விடுவதும் அதன் வேலை.

இந்த இரண்டுக்கும் பாலத்தின் ஆயுள் கிடையாது. அவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய உதிரிகள். ஜாயின்ட் பிளந்தால் மழைத் தண்ணீர் நேராகப் பேரிங் மேல் இறங்கும். பேரிங் துருப்பிடித்து இறுகினால் உத்தரம் நகர முடியாமல் தூணின் தலையையே இடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் ஜாயின்ட் ஓரத்தில் தார் பெயர்ந்து பள்ளமாகும், ஒவ்வொரு லாரியும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும்போது பாலத்துக்குச் சம்மட்டி அடி. காவிரிப் பாலத்தில் பல வருஷமாக நடந்தது இந்தச் சுழற்சிதான். ஜாயின்ட்டுக்கு அவ்வப்போது ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் பழையபடி பிளந்துகொள்ளும்.

பேரிங் மாற்றுவது ஒட்டுப்போடும் வேலை இல்லை. தூணின் தலையில் ஜாக்கிகளை வரிசையாக வைத்து, அந்தத் துண்டின் எல்லா உத்தரங்களையும் ஒரே சமயத்தில், ஒரே அளவில், கொஞ்சமே கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் மேலே உள்ள தளம் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். தூக்கிய நிலையில் பழைய பேரிங்கை உருவி, அடிப்பீடத்தைச் சரிசெய்து, புதியதை நுழைத்து இறக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் மேலே ஜாயின்ட்டை வெட்டி எடுத்துப் புதிதாகக் கான்கிரீட் போட முடியும். கான்கிரீட் இறுகும்வரை அதிர்வே கூடாது. மற்ற வண்டிகளை நிறுத்திய பிறகும் டூவீலர்களை முதலில் சில வாரம் விட்டிருந்தார்கள். வேலை முற்றியபோது நவம்பரில் அதையும் நிறுத்தினார்கள். பைக்கில் போய் வந்துகொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் நிஜமாகப் பாலம் மூடியது.

மொத்தச் செலவு சுமார் 7 கோடி ரூபாய். ஒரு பாலத்துக்கு இது பெரிய தொகையே இல்லை. ஆறு மாதம் இத்தனை வண்டிகள் சுற்றிப்போன பெட்ரோலையும் நேரத்தையும் யாராவது கணக்குப் போட்டால், பத்து வருஷத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கலாம் என்றுதான் வரும்.

சுற்று வழியின் கணக்கு

மாற்றுப்பாதை காகிதத்தில் எளிமையாகத்தான் இருந்தது. அண்ணா சிலையிலிருந்து ஓயாமரி வழியாகப் பைபாஸ், பைபாஸ் பாலத்தில் காவிரியைத் தாண்டித் திருவானைக்காவல், அங்கிருந்து ஸ்ரீரங்கம். தூரம் ஒன்றும் மலையேற்றம் இல்லை. பிரச்சினை தூரத்தில் இல்லை, சந்திப்புகளில்.

ஒரு பாலம் மணிக்கு எத்தனை வண்டியை விடும் என்பதை அதன் அகலம் தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் இரண்டு முனையிலும் உள்ள முக்குதான் தீர்மானிக்கிறது. பைபாஸ் பாலத்துக்கு ஏறும் இடத்தில், வேகமாக வருகிற நெடுஞ்சாலை வண்டிகளோடு டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஸ்கூல் வேனும் கலக்க வேண்டும். தாண்டியதும் மறுபடி பிரிந்து இறங்க வேண்டும். போகவும் வரவும் சேர்த்து இரண்டு கலப்பு, இரண்டு பிரிப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி தயங்கினால் பின்னால் ஐம்பது வண்டி தயங்கும். இதில் பைபாஸில் உள்ள சஞ்சீவி நகர் சந்திப்பு ஏற்கெனவே திருச்சியின் மோசமான முக்குகளில் ஒன்று. அதன் தலையில் ஒரு தீவின் போக்குவரத்தை இறக்கினால் என்ன ஆகும்?

அடி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. கார் வைத்திருப்பவருக்குக் கூடுதல் பெட்ரோலும் எரிச்சலும்தான். மாம்பழச்சாலையில் பஸ் ஏறிச் சத்திரத்தில் இறங்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவிக்கும், பெரிய கடைவீதியில் துணிக்கடை வேலைக்குப் போகிறவருக்கும் நாளின் அமைப்பே மாறிவிட்டது. பஸ் எப்போது வரும் என்பதும் தெரியாது, வந்தால் எப்போது போய்ச் சேரும் என்பதும் தெரியாது. பூ வியாபாரம் இன்னும் நுணுக்கம். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் விடிவதற்குள் ஏலம் முடிந்து மூட்டை கிளம்பியாக வேண்டும். மல்லிகைக்கு ஒரு மணி நேரத் தாமதம் என்பது விலையில் தெரியும். கிழக்கே உத்தமர்சீலி, கிளிக்கூடு வாழை விவசாயிகளுக்கோ கதை தலைகீழ். அவர்களுக்குப் பைபாஸ்தான் பக்கம், அது நாள்தோறும் பழகிய வழி. அந்த வழியில் திடீரென்று ஊரே வந்து நின்றது.

பைபாஸையே நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2024 ஜனவரியில் ஒரு சாட்சி கிடைத்தது. அதே நெடுஞ்சாலையில், தீவுக்குத் தெற்கே பொன்மலை ஜி கார்னர் மேம்பாலத்தின் தடுப்புச் சுவர் சரிந்து போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. காவிரிப் பாலம் அதற்குள் திறந்துவிட்டதால் ஸ்ரீரங்கம் தப்பித்தது. பதினான்கு மாதம் முன்னால் நடந்திருந்தால்?

மூடிய காலத்தைப் பற்றியும் நிறையப் புலம்பல் இருந்தது. 2023-ல் வைகுண்ட ஏகாதசி ஜனவரி 2-ம் தேதி. பகல் பத்து, ராப்பத்து என்று ஊரே நிரம்பி வழியும் அந்த நாட்களில் பாலம் அடைபட்டுக் கிடந்தது. வெளியூரிலிருந்து சொர்க்கவாசல் பார்க்க வந்தவர்கள் மாம்பழச்சாலையைக் கண்ணால் பார்க்காமலே திரும்பினார்கள். ஏன் கோடையில் செய்யக்கூடாதா என்று கேட்டால், கோடையில் சித்திரைத் தேர் இருக்கிறது. ஆடியில் பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா மண்டபம் தாங்காது. புரட்டாசிச் சனிக்கிழமை, அமாவாசைத் தர்ப்பணம், மார்கழி, தை. திருவிழா இல்லாத மாதமாகப் பார்த்துத்தான் மூடுவோம் என்றால் பாலம் தானாக விழுந்து நமக்கு வேலையை மிச்சப்படுத்திவிடும். ஆகவே மாதத்தைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. மூடுவது நிச்சயம் என்று தெரிந்த பிறகும் மாற்று ஏற்பாட்டை மூடிய பிறகு யோசித்ததுதான் குறை.

வடக்கே ஆறு செய்யும் வேலை

தென்புறத்துக் கதை இப்படி என்றால், கொள்ளிடம் பக்கம் நடந்தது சிலிர்க்க வைக்கும் ரகம். அங்கே 1928-ல் கட்டிய பழைய பாலம் ஒன்று இருந்தது. 88 வருஷம் வண்டிகளைச் சுமந்தது. அதற்குப் பக்கத்தில் சுமார் 88 கோடி ரூபாயில் புதுப் பாலம் கட்டி 2016-ல் திறந்தார்கள் (வருஷமும் கோடியும் ஒத்துப்போனது தற்செயல்). பழையதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காலையில் வாக்கிங் போகிறவர்கள் மட்டும் அதில் போய்க்கொண்டிருந்தார்கள்.

2018 ஆகஸ்ட்டில் கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. பழைய பாலத்தின் 18, 19-ம் தூண்கள் முதலில் இறங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளம் வளைந்தது, அப்புறம் ஆற்றுக்குள் போயிற்று. அதே வாரம் 22-ம் தேதி ராத்திரி, மேலே முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் கட்டிய அடித்தளம் அவ்வளவு காலம் தாங்கியதே பெரிது.

இதில் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். புதுப் பாலம் வந்தது 2016-ல், பழையது விழுந்தது 2018-ல். நடுவில் இரண்டு வருஷம்தான். டெண்டர், நிலம் எடுப்பு, நிதி என்று நம் ஊர் வழக்கப்படி இன்னும் மூன்று வருஷம் இழுத்திருந்தால், அந்த ஆகஸ்ட்டில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கு வாசலே இருந்திருக்காது. பழையது நன்றாக இருக்கும்போதே புதியதைக் கட்டுவது வீண் செலவு என்று வாதாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

புதுப் பாலம் வந்துவிட்டதே, இனிக் கவலை இல்லை என்றும் இருக்க முடியவில்லை. அதன் அடியில் மண் அரிப்பைத் தடுக்க சுமார் ஆறரைக் கோடி ரூபாயில் ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். 2024-ல் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டதும் அந்தச் சுவரின் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போனது. ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரமும் சாய்ந்தது.

ஏன் இப்படி? ஓடுகிற தண்ணீர் தூணில் மோதிப் பிரியும்போது தூணின் அடியில் சுழல் உண்டாகும். சுழல் மணலைத் தோண்டும். வெள்ளம் வடிந்த பிறகு மேலிருந்து வரும் மணல் அந்தக் குழியை மூடிவிடும், அதனால் கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். மேலிருந்து மணல் வந்துகொண்டிருக்கும்வரை இந்தக் கணக்கு சரியாகும். கொள்ளிடத்தில் பல்லாண்டுகளாக மணல் அள்ளியதில் ஆற்றின் படுகையே தாழ்ந்துவிட்டது. மேட்டூரும் மற்ற அணைகளும் புது மணலை மேலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. 1928-ல் ஒரு தூணுக்கு எவ்வளவு ஆழம் போதும் என்று கணக்குப் போட்டார்களோ, அந்தக் கணக்கில் இருந்த தரைமட்டம் இன்றைக்கு இல்லை. தூண் அப்படியே நிற்கிறது, தரைதான் கீழே போய்விட்டது. மணல் லாரிக்கும் பாலம் மூடுவதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், இதுதான் சம்பந்தம்.

தண்ணீர் வரும் காலமும் வேலையைக் கெடுக்கும். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். அடித்தள வேலை செய்ய ஆறு காய்ந்திருக்க வேண்டும். அப்படியானால் கையில் இருப்பது பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதம். 2022-ல் மேட்டூரை மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். விவசாயிக்கு அது நல்ல செய்தி. ஆற்றுக்குள் மண் மேடு போட்டுப் பைல் (அடித்தளத் தூண்) இறக்குகிற ஒப்பந்தக்காரருக்கு அதுவே பத்தொன்பது நாள் நஷ்டம். டெல்டாவில் ஆற்றுப்பாலம் எதுவும் சொன்ன தேதியில் முடியாததற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

ஸ்ரீரங்கம் தனி உதாரணம் இல்லை. இதே கொள்ளிடம் கீழே அணைக்கரையில் இரண்டாகப் பிரிந்து ஒரு சின்னத் திட்டை நடுவில் விட்டுவிட்டுப் போகிறது. அங்கே 1836-ல் கட்டிய கீழணையின் மேலேயே கும்பகோணம் – சென்னைச் சாலையை ஓட்டினார்கள். ஒரு பஸ் போனால் எதிரே சைக்கிள் ஒதுங்க இடம் தேட வேண்டிய அகலம். ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடுவார்கள். அணை பலவீனமானதும் கனரக வாகனங்களுக்குத் தடை வந்தது, பஸ்கள் நீலத்தநல்லூர் – மதனத்தூர் பாலம் வழியாகச் சுற்ற ஆரம்பித்தன. தண்ணீரைத் தேக்கக் கட்டிய சுவரில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நெடுஞ்சாலையை நடத்தினோம் என்பதை இன்று யோசித்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. இன்னும் கீழே, கடல் பக்கம், நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்களில் கொள்ளிடத்தில் இரண்டு லட்சம் கனஅடி வந்தால் வீட்டைப் பூட்டிப் படகில் கரைக்கு வர வேண்டும். அந்த ஊர்க்காரர்களிடம் போய் எங்கள் ஊரில் டிராஃபிக் ஜாம் என்று புலம்பினால் சிரிப்பார்கள்.

அடுத்தது என்ன

காவிரிப் பாலத்தை ஒட்டி 106 கோடி ரூபாயில் நான்கு வழிப் புதுப் பாலத் திட்டம் எடுத்தார்கள். நல்ல முடிவு. பழைய பாலமும் இருந்து புதியதும் இருந்தால், ஒன்றைச் செப்பனிடும்போது மற்றதில் போகலாம். 1976 பாலத்துக்கு அடுத்த பேரிங் மாற்றம் வரும்போது ஆறு மாத அவதி வராது. கொள்ளிடத்தில் 2016-ல் கிடைத்த அதிர்ஷ்டத்தை இங்கே திட்டமாகவே செய்கிறார்கள் என்று சொல்லலாம்.

எனக்கு இதில் இரண்டு நெருடல்கள் உண்டு. முதலாவது, புதுப் பாலமும் அதே மாம்பழச்சாலையில்தான் கொண்டுபோய் விடுகிறது. மேலே சொன்ன முக்குக் கணக்கு இங்கே மறுபடி வரும். ஆற்றின் மேல் எட்டு வழி வந்தாலும், இறங்கியதும் அம்மா மண்டபம் ரோட்டுக்கும் திருவானைக்காவல் ரோட்டுக்கும் பிரிகிற அந்த ஒரு ரவுண்டானா விடுகிற அளவுதான் போகும். அதைத் தாண்டினால் உள்ளே வீதிகள் கோயில் மதில்களுக்கும் கோபுர வாசல்களுக்கும் நடுவே போகின்றன. அவற்றை அகலப்படுத்த யாராலும் முடியாது, முடியவும் கூடாது. ஆகவே ஸ்ரீரங்கத்துக்கு வராத வண்டியை ஸ்ரீரங்கத்துக்குள் விடாமல் இருப்பதுதான் ஒரே வழி. துறையூர் பக்கத்திலிருந்து வருகிறவர் ஜங்ஷனுக்கோ கரூர் ரோட்டுக்கோ போக மாம்பழச்சாலையைத் தொட வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. அதற்கு ஊருக்கு மேற்கே இரண்டு ஆற்றையும் சேர்த்துத் தாண்டுகிற ஒரு வழி வேண்டும். இப்போதிருக்கும் பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டுவது பழுதுக்கு மருந்து, நெரிசலுக்கு மருந்து இல்லை.

இரண்டாவது, பராமரிப்பு. நம் ஊரில் பாலம் திறந்தால் மேடை போட்டு விழா எடுப்பார்கள். பேரிங்கைப் பார்க்க ஒருத்தர் ஏணி வைத்து ஏறினால் அது செய்தியில்கூட வராது. எந்தப் பாலத்தை எப்போது சோதித்தார்கள், அடுத்த சோதனை எப்போது, எந்த உதிரி எந்த வருஷம் மாற்ற வேண்டும் என்ற ஒரு பக்கத் தகவலைப் பாலத்தின் இரண்டு முனையிலும் பலகையில் எழுதி வைத்தால் என்ன? நீளம், அகலம், மதிப்பீடு, திறந்துவைத்தவர் பெயர் எல்லாம் கல்வெட்டில் வருகிறதே. சாயங்காலம் காற்று வாங்கப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி நிற்கிறவர்கள் கையில் பட்டாணி சுண்டலோடு அதைப் படித்துவிட்டு, தேதி தாண்டிவிட்டதே என்று கேட்கட்டும். மூடப்போவது ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்தால் பள்ளிக்கூடம் நேரத்தை மாற்றிக்கொள்ளும், பூ வியாபாரி வண்டியை முன்கூட்டிக் கிளப்புவார், சஞ்சீவி நகர் முக்கில் எப்போது எத்தனை போலீஸ் வேண்டும் என்று முன்பே முடிவெடுக்கலாம். 2022-ல் இதில் பெரும்பாலானவை மூடிய பிறகு, நெரிசலைப் பார்த்த பிறகு, ஒவ்வொன்றாகத்தான் நடந்தன.